எங்களுக்குத் தெரிய அளங்க

நாடு சுதந்திரம் அடைந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. உச்சிப்புளி ஸ்டேஷனில் இறங்கி, தெற்கே கடலைப் பார்த்து மணல் பாதையில் நடந்தால் ஒரு சின்ன ஊர் வரும். ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு எனக்கு முதல் வேலை அந்த ஊரில்தான் கிடைத்தது. ஓராசிரியர் பள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் நான்தான் டீச்சர், நான்தான் மணி அடிக்கிறவள், கூட்டுகிறவளும் நானேதான்.

எனக்குச் சொந்த ஊர் பரமக்குடி. அப்பா தறி நெய்கிறவர். கடல் எப்படி இருக்கும் என்று அந்த வேலைக்குப் போய்த்தான் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் என்று தனியாகக் கட்டடம் கிடையாது. ஊரில் ஒரு முதலாளி இருந்தார். கடலட்டை வியாபாரம். அவருடைய பழைய கிட்டங்கியின், அதாவது சரக்குக் கிடங்கின், முன்பாதியைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று வாடகை வாங்காமல் விட்டிருந்தார். பின்பாதியிலும் அதை ஒட்டிய முற்றத்திலும் அவருடைய சரக்கு வேலை நடக்கும். நடுவில் ஒரு சுவர்தான். நான் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அண்டாவில் அட்டை வேகும் வாடை வரும். முதல் மாதம் சாப்பாடே இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

கடலட்டை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடலின் அடியில் மணலோடு மணலாகக் கிடக்கும், வெள்ளரிக்காய் மாதிரி உருண்டையான ஒரு பிராணி. ஊர் ஆண்கள் விடியுமுன் வள்ளத்தில் போய், மூழ்கி, கையால் எடுத்து வருவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதைக் கூடையில் வாங்கிக்கொண்டு வந்து கிட்டங்கியில் போடுவார்கள். முதலாளி அதை அவித்து, மணலில் புதைத்து, காயவைத்து, தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்கு அனுப்புவார். அங்கிருந்து அது சிங்கப்பூர் போகும், சீனாக்காரர்கள் சாப்பிடுவார்கள் என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் யாரும் அதை வாயில் வைத்தது கிடையாது.

ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஏற்றுமதி, இறக்குமதி என்று ஒரு பாடம் இருந்தது. எந்த நாடு எதை அனுப்புகிறது, எதை வாங்குகிறது என்று வரிசையாகப் போட்டிருக்கும். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் முடிந்தது. நான் வாசித்துக் காட்டியபோது ஒரு பெண் எழுந்தாள். கடலில் மூழ்கி அட்டை எடுக்கிறவர் ஒருவருடைய மகள், ஒல்லியாக இருப்பாள், குரல் மட்டும் கணீரென்று இருக்கும்.

"டீச்சர், எங்க வாப்பா எடுத்தாற அட்டையத்தான சீனாக்காரங்க திங்கிறாங்க? அவங்க என்ன வெலை குடுக்குறாங்கன்னு எங்க வாப்பாவுக்கு ஏன் தெரியல?"

எனக்குப் பதில் தெரியும் மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். நூல் எங்கிருந்தோ வரும், சேலை எங்கேயோ போகும். இரண்டுக்கும் விலை வைக்கிறவர் யார் என்று அப்பாவுக்குத் தெரியாது. அதை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று அன்று பூராவும் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு விளையாட்டாக வைத்துப் பார்ப்போம் என்று தோன்றியது.

பனையோலைக் காத்தாடி செய்யத் தெரியாத பிள்ளை அந்தப் பக்கம் கிடையாது. ஓலையை அளவாக நறுக்கி, மடித்து, நடுவில் ஒரு உடைமரத்து முள்ளைக் குத்திக் குச்சியில் சொருகினால் கடல் காற்றுக்குப் பறக்கும். அதையே வைத்துக்கொண்டேன். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நாலு நாடாகப் பிரித்தேன். இரண்டு நாட்டிடம் ஓலை மட்டும் இருக்கும். ஒரு நாட்டிடம் முள்ளும் குச்சியும். நாலாவது நாட்டிடம் ஓலையும் கிடையாது, முள்ளும் கிடையாது. ஆனால் கத்தரிக்கோலும் அடிஸ்கேலும் அவர்களிடம்தான். நான் சொன்ன அளவில் நறுக்கின ஓலையில் செய்தால்தான் கணக்கு. மணி அடிக்கும்போது எந்த நாட்டிடம் அதிகக் காத்தாடி இருக்கிறதோ அது ஜெயித்தது. ஒருவருக்கொருவர் என்ன வேண்டுமானாலும் பேசி மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவுதான் விதி.

யார் எந்த நாடு என்பதற்குச் சீட்டுப் போட்டோம். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்குக் கத்தரி நாடு விழுந்தது. முதலாளியின் மகளும் என் வகுப்புத்தான், ஐந்தாம் வகுப்பு, அமைதியான பிள்ளை. அவளுக்கு ஓலை நாடு.

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஒன்று புரிந்தது. நான் சொல்லிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. கத்தரி நாட்டுப் பெண் ஓலைக் கட்டை வாங்கிக்கொண்டு கரும்பலகைக்குப் பின்னால் போனாள். அங்கே ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு வெளியே வந்தாள்.

"இதுல பாதி ரெண்டாந்தரம். இது கழிவு. மூணு கட்டுக்கு ஒரு காத்தாடி தாரேன். வேணும்னா குடு, இல்லன்னா எடுத்துட்டுப் போ."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஏனென்றால் கிட்டங்கியில் அட்டையைத் தரம் பிரிக்கிறவர் ஒருவர் இருந்தார், அவருடைய குரலும் கை ஆட்டுவதும் அப்படியே இருந்தன. பெண்கள் கொண்டுவருகிற கூடையை அவர் உள்ளே எடுத்துக்கொண்டு போவார். கதவு சாத்தியிருக்கும். திரும்பி வரும்போது எவ்வளவு முதல் தரம், எவ்வளவு கழிவு என்று சொல்வார். கழிவு என்று சொன்னதையும் திருப்பித் தரமாட்டார். பிள்ளைகள் எல்லாரும் அம்மாவோடு கூடை தூக்கிப் போய் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்.

முதலாளி மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கொடுத்த ஓலை போய்விட்டது, கையில் ஒன்றும் வரவில்லை. என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அவ ஒளிஞ்சு நின்னு அளக்குறா. எங்களுக்குத் தெரிய அளக்கச் சொல்லுங்க."

"அப்படி ஒரு விதி நான் வைக்கலையே. நீயே போய்க் கேளு" என்றேன்.

அவள் கேட்டாள். நடக்கவில்லை. அதற்கப்புறம் அவள் இன்னொரு ஓலை நாட்டுக்குப் போய் ஏதோ குசுகுசுவென்று பேசினாள். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் மீதி ஓலையைக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் வைத்து அளந்தால்தான் ஓலை என்றார்கள். கத்தரி நாடு மசியவில்லை. முள் நாடு வேடிக்கை பார்த்தது. அப்படியே மணியும் அடித்துவிட்டது. நாலு நாட்டிடமும் சேர்த்துப் பார்த்தால் விரல் விட்டு எண்ணுகிற மாதிரிதான் காத்தாடிகள். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் அவற்றையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

கடைசியில் நான் கரும்பலகையில் படம் போட்டு, சில நாடுகளிடம் விளைச்சல் இருக்கிறது, சில நாடுகளிடம் மிஷினும் அளவுகோலும் இருக்கின்றன, விலையை யார் வைக்கிறார்கள் பாருங்கள் என்று சொல்லி முடித்தேன். பாடம் நன்றாக வந்தது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

மறுநாள் காலை இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் முற்றத்தில் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெண்கள் கூடைகளோடு கிட்டங்கி வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாகக் கூடையைக் கொடுத்து, அவர் சொல்கிற கணக்கைக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறவர்கள். தரம் பிரிக்கிறவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கத்தரி நாட்டுப் பெண்ணின் அம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சண்டை போடுகிற குரலே இல்லாமல், அண்ணனை அழைக்கிற மாதிரி நானா என்று அழைத்துச் சொன்னாள்.

"உள்ள கொண்டு போக வேணாம் நானா. இங்கன வெளிய வச்சு, எங்களுக்குத் தெரிய பிரிங்க."

"என்ன புதுசா?"

"முதலாளி வீட்டுப் பிள்ளையே பள்ளிக்கூடத்துல அப்படித்தான கேட்டுச்சாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?"

பரமக்குடியில் என் சம்பளத்தை நம்பித்தான் வீடு இருந்தது. அப்பாவுக்குக் கண் பார்வை மங்கித் தறியை விட்டிருந்தார். முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் கட்டடம் போய்விடும். கட்டடம் போனால் பள்ளிக்கூடமும் போய்விடும், அடுத்த ஊர் பள்ளிக்கு இந்தப் பிள்ளைகள் அந்த மணலில் நடக்கப்போவதில்லை. இதெல்லாம் ஒரே நிமிஷத்தில் தோன்றியது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அட்டை வெயிலில் தாங்காது. எடுத்து வந்து நேரமானால் தோல் கரைந்து கூழாகிவிடும், அப்புறம் யாருக்கும் உதவாது. பெண்கள் கூடையின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக் கடல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே அண்டாவில் தண்ணீர் கொதித்துக் காத்திருந்தது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

யாரோ போய்ச் சொல்லி முதலாளி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, தொப்பி. முற்றத்துப் பக்கம் அவர் போகவில்லை. நேராக வகுப்புக்குள் வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டீச்சரம்மா, நேத்து என்ன பாடம் நடத்துனீங்க?"

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. புத்தகத்தை எடுத்து, இந்தப் பாடம்தான் என்று காட்டினேன்.

"புத்தகத்துல காத்தாடி இல்லையே."

"விளங்குறதுக்காக விளையாட்டா நடத்தினேன் ஐயா."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "எங்க, அந்த விளையாட்ட எனக்குக் காட்டுங்க. அப்படி என்னதான் இருக்குன்னு பாப்போம்."

நேற்றைய ஓலை மூலையில் கிடந்தது. அதே நாடுகள், அதே சாமான்கள். மணியை அடித்தேன். கத்தரி நாட்டுப் பெண் நேற்று மாதிரி தரம் பிரிக்கிறவரைப் போல நடித்துக் காட்டினால் இங்கேயே எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவளைக் கூப்பிட்டுச் சொல்லி வைக்கவும் வழியில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அவள் கரும்பலகைக்குப் பின்னால் போகவே இல்லை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து வகுப்பின் நடுவில் தரையில் வைத்தாள். ஓலை நாட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ஓலையாக வைத்து அளந்தார்கள். ஒரு இடத்தில் சண்டை வந்தது. ஒருத்தி மூலையை மடக்கி அளக்கிறாய் என்றாள், இன்னொருத்தி இல்லை என்றாள், திரும்ப வைத்து அளந்தார்கள். குறைந்த ஓலையை அவரவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். செய்த காத்தாடியில் நறுக்கின கூலியாக ஒரு பங்கு கத்தரி நாட்டுக்கு, ஒரு பங்கு முள் நாட்டுக்கு, மீதி ஓலை நாட்டுக்கு. எவ்வளவு பங்கு என்பதிலும் இழுபறி இருந்தது, எல்லாருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. ஆனால் காத்தாடி மளமளவென்று வந்துகொண்டிருந்தது. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கடற்கரையில் அவர்களாகவே மறுபடி ஆடிப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

முதலாளி அந்தக் கத்தரி நாட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஸ்கேலும் கத்தரியும் ஒங்கிட்டத்தான இருக்கு. நீ எதுக்கு இவங்களுக்கு முன்னாடி வச்சு அளக்கணும்?"

"நேத்து ஒளிஞ்சுதான் அளந்தேன். அதுக்கு அவங்க ஓலைய தரமாட்டோம்னு மேல ஏறி உக்காந்துட்டாங்க. ஓலை இல்லாம நான் கத்தரிய வச்சுக்கிட்டு என்ன செய்ய? ஆட்டமே நின்னு போச்சு."

அவர் மகளைப் பார்த்தார். "யாரு ஜெயிச்சது?"

"இன்னும் முடியல வாப்பா" என்றாள் அவள். அப்புறம் என்ன நினைத்தாளோ, ஒரு கேள்வி கேட்டாள். "நம்ம அட்டைய கொழும்புல பிரிக்கையில ஒங்களுக்குத் தெரிய பிரிப்பாங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசுவதுகூடக் கேட்டது. அவர் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"இல்லம்மா. சரக்கு போய்ச் சேந்து ரொம்ப நாள் கழிச்சு, இவ்வளவு கழிவுன்னு சொல்லி விடுவாங்க. அவங்க சொன்னதுதான்."

"அப்ப நீங்களும் ஓலை நாடு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடி விழப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தரையில் கிடந்த ஸ்கேலைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். முற்றத்தில் நின்று தரம் பிரிக்கிறவரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்.

"பிரிக்கிற பலகைய வெளிய எடுத்துப் போடுங்க. இங்கனயே பிரிங்க."

"முதலாளி, இவங்க பேச்சக் கேட்டா நாளைக்கு..."

"நாளைக்கும் இங்கனதான். போடுங்க. சரக்கு கரையுது."

பலகை வெளியே வந்தது. ஒவ்வொரு கூடையாகக் கொட்டிப் பிரித்தார்கள். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கழிவு என்று ஒதுக்கினதை அவரவர் கூடையிலேயே போட்டார்கள். அன்று அவர் விலையை ஏற்றிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் எல்லாம் சுபமாக முடியவில்லை. கடைசியாக நின்றவர்களின் கூடைகளில் பாதி அட்டை கரைந்து போயிருந்தது. அதில் ஒன்று, முதலில் வாய் திறந்து கேட்ட அந்த அம்மாவுடைய கூடை. எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் நின்றிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் விடியலிலிருந்து மூழ்கி எடுத்தது. கூடையைக் கடலில் கொட்டிக் கழுவிவிட்டுப் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் திரும்பினாள். நான் போய் நின்றேன். அவள்தான் பேசினாள்.

"டீச்சரம்மா, அடுத்தவாட்டி இந்த மாதிரி பாடம் நடத்துறதா இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. அன்னைக்கு அவுகளக் கடலுக்குப் போக வேணாம்னு சொல்லிப்புடுறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பலகையில் படம் போட்டுவிட்டு சந்தோஷமாகத் தூங்கினேனே, அதற்கு ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்புப் போயிருக்கிறது. அவள் பெண் பக்கத்தில் நின்று அம்மாவின் கூடையை வாங்கிக்கொண்டாள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். அவர்கள் முகத்தில் தோற்றுப்போன மாதிரி எதுவும் இல்லை.

சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்தில் முதலாளி மறுபடி வந்தார். நான் சாவியை எடுத்து நீட்டினேன். கட்டடத்தைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வாங்கவில்லை.

"வச்சுக்கங்க. நான் இன்னொன்னு கேக்கலாம்னு வந்தேன். அந்தப் பாடத்துல, ஓலைக்காரங்க சேந்து உக்காந்தா கத்தரிக்காரன் எறங்கி வருவானா, எப்பவும் வருவானா?"

"எப்பவும்னு சொல்ல முடியாது ஐயா. வேற ஓலைக்காரங்க கெடைச்சா வரமாட்டான்."

"அதான்" என்றார். "கொழும்புக்காரனுக்கு ஓலைக்காரங்களுக்கா பஞ்சம்?" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

சில மாதம் கழித்து அவரே ஒரு தடவை தன் சரக்கோடு ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் பிடித்துக் கொழும்பு போய் வந்தார். அதற்கு முன் அவர் அப்படிப் போனதில்லை என்று ஊரில் சொன்னார்கள். வந்த பிறகு ஒருநாள் மகளை விட வந்தவரிடம், போன காரியம் என்ன ஆயிற்று என்று விசாரித்தேன்.

"முன்னாடி வச்சுப் பிரிங்கன்னு கேட்டேன் டீச்சரம்மா. உக்காருங்கன்னு நாற்காலி போட்டாங்க. டீ குடுத்தாங்க. நான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள உள்ள பிரிச்சு முடிச்சிட்டாங்க." மகளின் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, "டீ நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனாலும் அவர் முற்றத்தில் போட்ட பலகையை உள்ளே எடுக்கவில்லை. தனக்குக் கிடைக்காததை மற்றவர்களுக்கும் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. நான் மாற்றலாகி அந்த ஊரை விட்டுப் போகும்வரை வெளியில்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் விளைகிற ஊர்களிலும், பரமக்குடியில் நெசவாளர் தெருப் பிள்ளைகளுக்கும் அதே பாடத்தைப் பல வருஷம் நடத்தியிருக்கிறேன். நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்துச் சொல்ல எனக்கு அதன் பிறகு வரவே இல்லை. பாடம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், இன்று நான் சொன்னதற்கு நாளைக்கு எந்த வீட்டில் யார் விலை கொடுக்கப் போகிறார்களோ என்று ஒரு கணம் மனசு நிற்கும். நின்றாலும், சொல்லாமல் விட்டதில்லை.